சிங்கத்திடம் தப்பும் அழுங்கு, சாக்கில் சிக்குவது ஏன்?

விலங்குகளின் அதிசயங்களைப் பட்டியல் போட்டு ரசிக்கிறோம். அந்த அதிசயம் எந்தச் சூழலை நம்பி நடக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், பட்டியலின் பொருளே மாறிவிடுகிறது.

ஆபத்து என்று தெரிந்துவிட்டால் அழுங்கு கடிக்காது. கடிக்க அதற்குப் பல்லே கிடையாது. முகத்தை வயிற்றோடு சேர்த்து மடக்கி, தடித்த வாலை அதன்மேல் போர்த்தி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். வெளியே தெரிவதெல்லாம் ஓடு வேய்ந்த கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள்தான். நம் விரல் நகம் எந்தப் பொருளால் ஆனதோ, அதே கெரட்டினால் ஆனவை அவை. ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கங்கள் இந்தப் பந்தை உருட்டிப் பார்க்கின்றன, நக்கிப் பார்க்கின்றன, கடைவாயில் வைத்து நெரித்தும் பார்க்கின்றன. பெரும்பாலும் அலுத்துப்போய் நடையைக் கட்டுகின்றன. எறும்பையும் கறையானையும் தின்று வாழும் ஒரு சாதுப் பிராணி காட்டு ராஜாவையே சலிக்கவைக்கிறது என்பது எந்த அதிசயப் பட்டியலிலும் இடம்பிடிக்கக்கூடிய செய்திதான். அதே பந்து ஒரு மனிதனின் கண்ணில் பட்டால்? அவன் அதைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டால் போதும். துரத்தவும் வேண்டாம், கடிபடுவோம் என்று பயப்படவும் வேண்டாம். சிங்கத்தை வென்ற உத்தியே மனிதன் கையில் அதைச் சிரமமில்லாத சரக்காக்கிவிட்டது. உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் காட்டுப் பாலூட்டிகளில் ஒன்று என்று பெயரெடுத்த பிறகு, 2016இல்தான் எட்டு வகை அழுங்குகளுக்கும் சர்வதேச வணிகத் தடை முடிவானது.

‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் விலங்குத் துணுக்குகள் சிறுவர் இதழ்களிலிருந்து வாட்ஸ்அப் வரை வற்றாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், சிவிங்கிப்புலிக்கு இத்தனை வேகம், ஆந்தைக்கு இத்தனை கூர்மையான செவி என்று அவை சொல்கின்றன. பெரும்பாலும் பொய் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியங்களில் ஒரு குறை இருக்கிறது. எடையையும் நிறத்தையும் போலத் திறமையும் விலங்கின் உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சொத்து என்பதுபோல் அவை பேசுகின்றன. அழுங்கின் கதை வேறு ஒன்றைக் காட்டுகிறது. செதில் மாறவில்லை, சுருளும் வேகம் மாறவில்லை. எதிரே நிற்பவன் மாறியதும் கவசம் கைப்பிடியாகிவிட்டது. எந்த விலங்கின் திறமையிலும் பாதிதான் அதன் உடலில் இருக்கிறது. மீதிப் பாதி அது வாழும் இடத்திலும், அங்குள்ள இருளிலும், ஓசையிலும், பருவத்திலும், பகையிலும் இருக்கிறது. விலங்கைக் காப்பாற்றுவது என்றால் அந்த மீதிப் பாதியையும் காப்பாற்றுவது என்றுதான் பொருள். இந்தக் கட்டுரை வாதிடுவது இதைத்தான்.

சாதனைப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கும் ஒரு பறவையிலிருந்தே தொடங்கலாம். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. இடையில் எங்கும் இறங்கவில்லை, எதையும் தின்னவில்லை. இந்தப் பறவையின் உடல் நிஜமாகவே வியக்கவைப்பதுதான். கிளம்புமுன் தன் எடையில் பெரும்பங்கைக் கொழுப்பாக ஏற்றிக்கொள்கிறது. வழியில் தேவைப்படாத குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பு வந்தது அலாஸ்காவின் சேற்றுத் திட்டுகளில் கிடைத்த சிப்பியிலிருந்தும் புழுவிலிருந்தும். புறப்படும் நாளில் முதுகைத் தள்ளிக்கொடுப்பது வடபசிபிக் புயல்களின் காற்று. இனப்பெருக்கத்துக்காக வடக்கே திரும்பும்போது சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடலின் சேற்றுத் திட்டுகளில் இறங்கி மறுபடியும் கொழுப்பு ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தத் திட்டுகளில் பாதிக்கு மேல் ஐம்பது ஆண்டுகளுக்குள் தொழிற்சாலை மனைகளாகவும் துறைமுகங்களாகவும் மாறிவிட்டன. சிறகில் ஒரு இறகுகூட உதிராத நிலையிலும் அந்தப் பயணம் முடியாமல் போகக்கூடும். சீனா 2019இலும் தென்கொரியா 2021இலும் எஞ்சிய திட்டுகளில் சிலவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது, அவை காத்தது வெறும் சேற்றை அல்ல. ஒரு பறவையின் சாதனையில் நிலத்துக்குரிய பங்கை.

விதி சரி, விளக்கு தப்பு

இயற்கை தன் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சுருக்கமான விதிகளையே கொடுத்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில் தை, மாசி, பங்குனி மாதங்களில் முட்டையிடும் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்வோம். மணலைத் தோண்டி நூறு முட்டை அளவுக்கு இட்டு மூடிவிட்டுத் தாய் கடலுக்குப் போய்விடுகிறது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, பெரும்பாலும் இரவில், குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. கடலை அவை பார்த்ததில்லை, காட்டித்தர யாருமில்லை. அவற்றிடம் இருப்பது ஒரே விதி: தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கும் தொடுவானத்தை நோக்கிப் போ, உயரமாகவும் இருட்டாகவும் இருக்கும் பக்கத்தை விட்டு விலகு. கரைப் பக்கம் மணல்மேடும் மரங்களும் கறுத்து நிற்க, கடல் பக்கம் நட்சத்திரத்தையும் நிலாவையும் திருப்பிக் காட்டிய காலம் முழுவதும் இந்த விதி பிழைத்ததில்லை. இன்று கரைப் பக்கத்தில்தான் தெருவிளக்கும் விடுதி விளக்கும் இருக்கின்றன. குஞ்சு விதியை மீறுவதில்லை. கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்துச் சாலைக்குப் போய்ச் சேர்கிறது. விடிந்தால் வெயில், காகம், நாய், வண்டிச் சக்கரம். சென்னையில் 1970களில் தொடங்கிய ஆமை நடைகளில், ஆர்வலர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துவந்து, பொரிப்பகத்தில் வைத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். இருட்டு இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலையின் ஒரு பகுதியை அவர்கள் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் அதைச் சொல்லலாம்.

விளக்கில் விழும் விட்டில் பூச்சிக்கும் இதே கதைதான். ஆசையால் அழிந்ததென்று அதன்மேல் ஏற்றிய பழி காலங்காலமாக இருக்கிறது. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவால் பூச்சிகளின் பறத்தலைப் படம்பிடித்து வேறொரு விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை எப்போதும் வெளிச்சமான பக்கத்துக்குத் திருப்பி வைக்கிறது. மின்விளக்குக்கு முந்திய உலகில் இரவிலும் பூமியைவிட வானமே வெளிச்சமானது. ஆகவே முதுகு வானத்தைப் பார்த்தால் உடல் நேராக இருக்கும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வந்ததும் பூச்சி அதையே வானமென்று கொண்டு சாய்கிறது. சாய்ந்தபடியே விளக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இன்னும் விசித்திரமான சாட்சி ஹங்கேரியிலிருந்து 1998இல் வந்தது. மேஃப்ளை என்ற பூச்சி நீர்ப்பரப்பில் முட்டையிடும். நீரை அது அடையாளம் காண்பது, பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதை வைத்து. தார்ச் சாலையும் ஒளியை அப்படியே திருப்புகிறது, சில நேரம் நீரைவிட வலுவாகவே. வளர்ந்த பின் ஓரிரு நாளே வாழும் அந்தப் பூச்சி, தன் வம்சம் முழுவதையும் காய்ந்த தாரின்மேல் இட்டுவிட்டுச் சாகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1983இல் இரு பூச்சியியலாளர்கள் பதிவுசெய்த காட்சி இந்த வரிசையில் தனியிடம் பெறும். அங்குள்ள ஒரு பெரிய பழுப்பு வண்டின் ஆண்கள், சாலையோரத்தில் வீசப்பட்ட பீர் பாட்டில்களோடு இணைசேர முயன்றுகொண்டிருந்தன. பெண் வண்டு பறக்காது; பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, முதுகில் சிறு சிறு குழிகளோடு தரையில் இருக்கும். அந்தக் குட்டைப் பாட்டிலும் பழுப்புதான், பளபளப்புதான். அடிப்பக்கத்தில் வரிசையாக, அந்தக் குழிகளை நினைவூட்டும் புள்ளிப் புடைப்புகள் வேறு. பெண்ணைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்ததால், ஆணின் கண்ணுக்கு அது பேரழகியாகவே தெரிந்திருக்க வேண்டும். எறும்புகள் வந்து உடலின் மென்மையான பகுதியைக் கடித்துக்கொண்டிருந்தபோதும் ஒரு வண்டு பாட்டிலை விட்டு இறங்கவில்லை. இந்த ஆய்வுக்கு 2011இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிப்பு நியாயமானதே. ஆனாலும் வண்டு முட்டாள் என்ற முடிவுக்கு இதில் ஆதாரம் இல்லை. பழுப்பு, பளபளப்பு, குழி என்ற மூன்று அடையாளங்களும் சேர்ந்த பொருள் அந்த நிலத்தில் பெண் வண்டைத் தவிர வேறொன்று இருந்ததே இல்லை. நான்காவது அடையாளத்தைச் சரிபார்க்கும் மூளைக்குச் செலவழிக்க எந்தக் காரணமும் அதற்கு இருக்கவில்லை.

வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் முதலையைச் சொல்கிறார்: ஆழமான நீரில் அது எதையும் வெல்லும், நீரைவிட்டு நீங்கினால் மற்றவை அதை வெல்லும். அரசனுக்குச் சொன்ன அறிவுரை அது. அதில் இடம் நிலையாக இருக்கிறது, தவறுவது முதலைதான். மேலே பார்த்த விலங்குகள் எதுவும் தனக்குரிய இடத்தை விட்டு விலகவில்லை. ஆமை அதே கரைக்குத்தான் வருகிறது, மேஃப்ளை அதே ஆற்றோரத்தில்தான் பறக்கிறது. முதலை இருந்த இடத்திலேயே இருக்க, நீர் அதைவிட்டுப் போய்விட்ட நிலைமை இது.

பலமே பலவீனமான பாறு

இந்த வாதத்துக்கு ஆகப் பெரிய சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுக்கு இரண்டு பெருந்திறமைகள் உண்டு. ஒன்று, அழுகிய இறைச்சியையும் கிருமியையும் கரைத்துவிடும் கடுமையான இரைப்பை அமிலம். மற்றொன்று, கூட்டு வேவு. வானத்தில் பரவலாக வட்டமிடும் பாறுகள் தரையை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று இறங்கினால் அடுத்தது திரும்பும், அதைப் பார்த்து அதற்கும் அடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மாட்டின் உடலைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்து, எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் பறந்துவிடும். 1990களில் கால்நடைகளுக்கு வலி நிவாரணியாக டைக்ளோஃபெனாக் பரவலானது. மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து, பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் மறைந்தன. காரணம் மருந்துதான் என்று 2004இல் உறுதியானபோது, பலரையும் திகைக்கவைத்தது இன்னொரு கணக்கு: நூறில் ஒரு சடலத்துக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சிக்குப் போதும். கூட்டு வேவுதான் அதற்கு வழி. ஒரு நஞ்சேறிய மாடு ஒரு பறவையைக் கொல்வதில்லை, அதைப் பார்த்து இறங்கிய அத்தனையையும் கொல்கிறது. எந்தத் திறமை அந்த இனத்தைத் துணைக்கண்டம் முழுவதும் வாழவைத்ததோ, அதுவே நஞ்சை எல்லாருக்கும் பகிர்ந்து கொடுத்தது.

இழப்பு பறவையோடு நிற்கவில்லை. சடலங்கள் அழுகிக் கிடந்தன, தெருநாய்கள் பெருகின, நீரும் கெட்டது. பாறுகள் மறைந்ததால் 2000க்கும் 2005க்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. இந்தியா 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடைசெய்தது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் அந்த இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் இன்று தென்னிந்தியாவின் முக்கியமான கூட்டங்களில் ஒன்று. அவற்றின் எதிர்காலம் சுற்றுவட்டாரக் கால்நடை மருந்துக் கடைகளில் எந்தப் பாட்டில் விற்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. அதைக் காட்டுக்குள் வேலி போட்டுத் தீர்மானிக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பும் உண்டு. வட அட்லாண்டிக்கின் ரைட் திமிங்கலங்கள் தாழ்ந்த ஓசைகளால் பேசிக்கொள்கின்றன. கப்பல் எஞ்சின்களின் இரைச்சலும் அதே தாழ்ந்த சுதியில்தான் ஒலிக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் கப்பல் போக்குவரத்து சட்டென்று குறைந்து, கடலடி இரைச்சல் 6 டெசிபெல் இறங்கியது. அதே சமயம் ஆய்வாளர்கள் வேறொரு வேலைக்காகத் திமிங்கலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள்கூட அதற்கு உதவின. பின்னர் அந்த மாதிரிகளைச் சோதித்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அந்த நாள்களில் குறைந்திருந்தது தெரிந்தது. இது 2012இல் வெளியானது. தினசரி இரைச்சல் திமிங்கலத்தைப் படுத்தும் பாட்டை, அது குறைந்த சில நாள்கள்தான் காட்டிக்கொடுத்தன. நெடுந்தொலைவு கேட்கும் செவி என்று துணுக்குகள் புகழும் அந்தத் திறமைக்கு அமைதியான கடல் தேவைப்படுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மறுப்புகள் மூன்று

முதல் மறுப்பு வலுவானது. சூழல் மாறாமல் இருந்த காலமே இல்லை. பனியுகங்கள் வந்து போயின. மாற்றத்துக்கு ஏற்ப மாறுவதுதான் பரிணாமம், இதையும் அது பார்த்துக்கொள்ளும் என்பது அது. ஆதாரமும் இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த தெருக்களில் வாழும் பட்டாணிக்குருவிகள் போக்குவரத்தின் கட்டைக்குரலுக்கு மேல் கேட்கும்படி உயர்ந்த சுதியில் பாடுவதாக 2003இல் கண்டறிந்தார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பாலங்களுக்கு அடியில் கூடுகட்டும் தகைவிலான்களின் சிறகு முப்பது ஆண்டுகளில் குட்டையாகியிருக்கிறது. வண்டிக்கு முன்னால் சட்டென்று மேலே எழும்பக் குட்டைச் சிறகு உதவும். வண்டியில் அடிபட்டுச் சாகும் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. இவை உண்மை. ஆனால் இவை ஆண்டுதோறும் பல குஞ்சு பொரிக்கும் சிறு பறவைகள். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். பங்குனி ஆமை பருவம் எய்தவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். அழுங்கு ஈன்றால் பெரும்பாலும் ஒரே குட்டி. பதினைந்து ஆண்டில் ஆயிரத்துக்கு ஒன்றாகச் சுருங்கும் இனத்துக்குத் தேர்ந்தெடுத்து மாற அவகாசம் எங்கே? மாறிய இடத்திலும் விலை இருக்கிறது. மொசாம்பிக்கின் கொரங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டு, பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. பிழைத்த பெண் யானைகளில் தந்தமில்லாதவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த நிலை மாறி, பாதியாக உயர்ந்தது. பரிணாமம் விரைந்து வேலை செய்ததென்று கைதட்டலாம். ஆனால் தந்தத்தைத் தடுக்கும் அந்த மரபணு ஆண் கருவுக்கு வந்தால் அது பிழைப்பதில்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. இதைத் தீர்வு என்பதைவிட, நெருக்கடியில் வட்டிக்கு வாங்கிய உயிர் என்பதே பொருத்தம்.

இரண்டாவது மறுப்பு நம் வீட்டுத் தேவையிலிருந்து வருகிறது. விளக்கும் மருந்தும் மின்சாரமும் கப்பலும் இல்லாமல் மனிதன் வாழ முடியுமா? முடியாது, யாரும் அப்படிக் கேட்கவும் வேண்டியதில்லை. மேலே கண்ட சாட்சிகளையே திரும்பப் பார்த்தால், கேட்கப்படுவது பெரும்பாலும் சின்ன மாற்றம்தான். மாட்டின் வலியைத் தீர்க்க மாற்று மருந்து இருந்தது. ஆமைக் கரையில் அந்தச் சில மாதம் கடலைப் பார்க்கும் விளக்குகளை அணைக்கலாம், மறைக்கலாம், தாழ்த்தலாம். ஃபண்டி வளைகுடாவில் திமிங்கலங்கள் கூடும் இடத்தை விட்டு விலகும்படி கப்பல் பாதையை 2003இலேயே நகர்த்தினார்கள், வணிகம் நின்றுவிடவில்லை. எல்லா இடத்திலும் இவ்வளவு எளிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராஜஸ்தானின் கானமயில் இன்று இருநூறைக்கூட எட்டாத எண்ணிக்கையில் இருக்கிறது. அதே இனக்குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பறவை ஒன்றின் கண்ணை ஆராய்ந்து 2010இல் வெளியான முடிவின்படி, பறக்கும்போது தலையைச் சற்றுத் தாழ்த்தினாலே அதற்கு நேர் எதிரே உள்ளது தெரியாது. தரையில் இரை தேடவும் பக்கவாட்டில் பகையைக் காணவும் அமைந்த கண்ணுக்கு, வானத்தின் குறுக்கே மின்கம்பி வரும் என்பது கணக்கிலேயே இல்லை. கானமயில் வாழும் பாலைதான் சூரிய மின்சாரத்துக்கும் தோதான நிலம். கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக 2021இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே 2024இல் அதைத் திருத்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. தூய்மையான மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்னும் இந்த இழுபறியில் செலவு இல்லாத விடை கிடையாது. ஆனால் சிக்கல் கம்பி போகும் பாதையிலும் உயரத்திலும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் செலவை எங்கே செய்வதென்று பேசவே முடியும். பறவையைப் பிடித்துக் கூண்டில் பெருக்குவது மட்டும் போதுமென்று நினைத்தால், வளர்ந்த பிறகு அதைத் திரும்ப விட வேண்டிய வானம் அதே கம்பிகளோடுதான் இருக்கும்.

மூன்றாவது மறுப்பு வாசகருடையது: ‘அதிசயத்தை அதிசயமாகவே ரசிக்கவிடக் கூடாதா? துணுக்கால்தானே குழந்தைக்கு விலங்கின்மேல் பாசம் பிறக்கிறது?’ பாசம் பிறப்பது உண்மை. அந்தப் பாசம் போய்ச்சேரும் இடம்தான் கவலைக்குரியது. அதிசயம் முழுவதும் உடலில் இருக்கிறது என்று கற்றுக்கொண்ட குழந்தை, உடல் பத்திரமாக இருந்தால் விலங்கும் பத்திரம் என்றே நினைக்கும்; உயிரியல் பூங்காவின் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பறவையைக் கண்டதும் திருப்தியடைந்துவிடும். சூழலையும் சேர்த்துச் சொல்வதால் வியப்பு குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது. ‘ஆமைக் குஞ்சு பிறந்ததும் கடலுக்குப் போகும்’ என்பதைவிட, வானத்திலிருந்து வந்து கடலில் பட்டுத் திரும்பும் மங்கிய ஒளியை நம்பி அது போகிறது என்பது பெரிய செய்தி. அதைக் கேட்ட குழந்தை அடுத்துக் கேட்கும் கேள்வியும் பயனுள்ளது: அப்படியானால் இந்த விளக்கு எதற்கு இங்கே எரிகிறது?

நம் சட்டங்களும் பெரிதும் துணுக்கின் மொழியிலேயே பேசுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை அட்டவணைகளில் வரிசைப்படுத்துகிறது, சரணாலயங்களுக்கு எல்லை போடுகிறது. வேட்டையைத் தடுக்க அது இன்றியமையாதது. அழுங்குக்கு வேண்டியதும் அந்தக் காவல்தான். ஆனால் வெளிச்சம் எல்லைக்கல்லில் நிற்பதில்லை, இரைச்சலும் நிற்பதில்லை, மாட்டுக்குப் போட்ட ஊசி பாறின் வயிற்றுக்குள் போவதை எந்த வனக் காவலரும் வழிமறிக்க முடியாது. இந்த விஷயங்களில் முடிவெடுப்பவர்கள் கால்நடைத் துறையிலும் மின்வாரியத்திலும் துறைமுகத்திலும் உள்ளாட்சியிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் கோப்பில் ஒரு விலங்கு இருப்பதே தெரியாது. கடற்கரைச் சாலைக்கு விளக்குக் கம்பம் நடுவதற்கான ஒப்பந்தப்புள்ளியிலும், கால்நடை மருந்துக்கான அனுமதியிலும், மின்பாதைக்கான வரைபடத்திலும் ‘இங்குள்ள உயிர்கள் எதை நம்பி வாழ்கின்றன?’ என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கினால், அட்டவணையில் இன்னும் நூறு பெயர் சேர்ப்பதைவிட அதிகம் சாதிக்கலாம். டைக்ளோஃபெனாக்கை 1990களிலேயே அப்படி ஒரு கேள்வி வழிமறித்திருந்தால், கோடிக்கணக்கான பாறுகளின் கதை வேறாக இருந்திருக்கும்.